பிடி இல்லாத சுவர்

மேடையில் அமர்ந்திருக்கும் தும்பி நோக்கர் குழுவின் தலைவர் ஐயா அவர்களே, ஏரி மேம்பாட்டு அலுவலகத்தின் பொறியாளர் அவர்களே, பரிசுகள் பல வாங்கிய புகைப்படக் கலைஞர் அவர்களே, ஆஸ்பத்திரியிலிருந்து சீருடையைக்கூட மாற்றாமல் ஓடிவந்திருக்கும் என் மனைவியின் தோழிகளே, விடியற்காலையில் அவளோடு சேற்றில் நின்ற நண்பர்களே, முதல் வரிசையில் இருக்கும் மாமா, அத்தை, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் லிஃப்ட் பராமரிக்கும் பொறியாளன். லிஃப்ட் பாதி வழியில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பதறக் கூடாது, குரல் உயரக் கூடாது, நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். இன்று எனக்கு அந்தக் குரல்தான் இருக்கிறது. வேறு குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. அழவில்லையே இவன் என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. பரவாயில்லை. எனக்கே அது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் நன்றாகப் பேசினார்கள். "தும்பிகளின் தேவதை" என்றார்கள். பின்னால் பேனரிலும் அதைத்தான் அச்சடித்திருக்கிறார்கள். அவள் இதைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாள் தெரியுமா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்திருப்பாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். குழுவில் தட்டானம்மா. எங்கள் தெருவில் "அந்த கேமரா பொண்ணு". இந்தப் பெயர்களுக்கெல்லாம் அவள் திரும்பிப் பார்ப்பாள். தேவதை என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடையைக் கட்டியிருப்பாள்.

பேனரைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். அவள் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் தும்பி இருக்கிறது, பாருங்கள். மஞ்சள் பூவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இறக்கை முழுக்க நீர்த்துளி. அழகான படம். ஆனால் அது அவள் எடுத்த படம் இல்லை! ஆறு வருடம் தும்பிகளைப் படம் எடுத்த ஒருத்தியின் இரங்கல் கூட்டத்தில், அவள் எடுத்த ஒரு படத்தைப் போட உங்களுக்குத் தோன்றவில்லையா? சரி, அதுகூடப் போகட்டும். அந்தத் தும்பியின் கால்களைப் பாருங்கள். ஆறு காலும் துவண்டு கிடக்கின்றன. எதையும் அது பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பூவின் மேல் வைக்கப்பட்டிருக்கிறது.

உயிரோடு இருக்கும் தும்பி பிடித்திருக்கும். அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். "கண்ணப் பாக்காதப்பா, கலரப் பாக்காத. கால் எதைப் பிடிச்சிருக்குன்னு பாரு."

இந்தப் படத்தை எடுத்தவர் மேடையில் இருக்கிறார். மரியாதையோடுதான் சொல்கிறேன் சார். குழுவோடு ஒருமுறை ஏரிக்குப் போயிருந்தபோது நீங்கள்தான் எல்லோருக்கும் ரகசியம் சொன்னீர்கள். "பிடிச்சு ஒரு டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜில கொஞ்ச நேரம் வச்சா போதும். அப்புறம் சொன்ன பேச்சு கேக்கும்." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இவள் மட்டும் ஆட்டவில்லை. "எங்க ஆஸ்பத்திரியில கீழ இதே மாதிரி ஃப்ரிட்ஜ் வச்ச ஒரு ரூம் இருக்கு சார். அங்கயும் எல்லாரும் சொன்ன பேச்சு கேப்பாங்க" என்றாள்.

அன்று எல்லோரும் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள்.

அவளை நான் கடைசியாகப் பார்த்தது அந்த அறையில்தான். அவள் யார் சொன்ன பேச்சையும் கேட்கிறவள் இல்லை. அன்று கேட்டாள்.

மன்னியுங்கள். தண்ணீர் வேண்டாம், அத்தை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அவளைப் பெண் பார்க்கப் போன அன்று என் பெரியம்மா கேட்டார், "பொண்ணுக்கு என்னங்க பிடிக்கும்?" அத்தை கொஞ்சம்கூட யோசிக்காமல், "தட்டான் பிடிக்கும்" என்றார். பெரியம்மா என் பக்கம் குனிந்து, "இந்த வயசுலயுமாடா தட்டான் பிடிக்குது? வால்ல நூல் கட்டுமோ?" என்றார். அது உள்ளே அவள் காதில் விழுந்துவிட்டது. காபித் தட்டோடு வெளியே வந்தவள், என் பெரியம்மாவைப் பார்த்து, "நான் பிடிக்க மாட்டேங்க. எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்" என்றாள். நான் அந்த இடத்திலேயே சம்மதித்துவிட்டேன். பெரியம்மாவுக்கு அந்த வாக்கியம் புரியவே ஒரு வாரம் ஆனது.

பிடிப்பதும் பிடித்திருப்பதும் வேறு வேறு. அவள் வாழ்க்கையே இந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. படம் பிடிக்கலாம், தும்பியைப் பிடிக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க மற்றவர்களின் எலும்பைப் படம் பிடிப்பாள். "மூச்சப் பிடிங்க, அசையாதீங்க, விடுங்க." விடிந்ததும் ஏரிக்கரையில் அவளே மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல், ஒரு கோரைத்தண்டுக்கு முன்னால் மண்டியிட்டிருப்பாள். நான் பை தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பேன். கொஞ்சம் அசைந்தால் போதும், திரும்பாமலே சொல்வாள்: "லிஃப்ட்டு, உன் நிழல் அது மேல விழுது. தள்ளு."

நிழல் விழக் கூடாது. பின்னணி சுத்தமாக வரவேண்டும் என்பதற்காக ஒரு கோரையை வளைக்கக் கூடாது. படம் கெட்டால் கெடட்டும். பறந்து போனால் துரத்தக் கூடாது, உட்கார்ந்த இடத்துக்கே திரும்பி வரும், காத்திரு. அப்படி ஒன்று இருந்தது. எத்தனை தரம் பறந்தாலும் அதே காய்ந்த குச்சியின் நுனிக்கே வந்து உட்காரும். அதற்குக் கடன்காரன் என்று பெயர் வைத்தாள். "வாசலை விட்டு எந்திரிக்கவே மாட்டான் பாரு." உச்சி வெயிலில் இன்னொன்று வாலைச் சூரியனுக்கு நேராகத் தூக்கித் தலைகீழாக நின்றது. நான் அது மாட்டிக்கொண்டதோ என்று பயந்து, "ஐயோ, எடுத்து விடு" என்றேன். "சும்மா இருப்பா. வெயில் உடம்புல கம்மியா படணும்னு அப்படி நிக்குது. அதுக்கு இருக்கிற அறிவு உனக்கு இல்ல, தொப்பிய மறந்துட்டு வந்து நிக்குற."

இதையெல்லாம் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. அவள் எவ்வளவு கவனமானவள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இந்த மேடையில் சற்று முன்னால் ஒரு சொல் சொல்லப்பட்டது. "ஆர்வ மிகுதியில் கவனம் தவறி" என்று சொன்னார்கள். கேட்டீர்களா? கைகூடத் தட்டினீர்கள்.

கவனம் தவறினாளாம்! நிழல்கூட ஒரு பூச்சியின் மேல் தவறி விழக் கூடாது என்று பார்த்தவள் கவனம் தவறினாளாம்!

லிஃப்ட் கயிறு அறுந்தால் பெட்டி கீழே போகாமல் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு கருவி உண்டு. வருடக்கணக்காக அது சும்மாதான் இருக்கும். பார்க்க அழகாகவும் இருக்காது. யாராவது அதை அசிங்கம் என்று கழற்றி எறிந்துவிட்டு, அதற்குப் பிறகு லிஃப்ட் விழுந்தால், உள்ளே இருந்தவர் கவனம் தவறினார் என்று நான் அறிக்கை எழுதுவதில்லை. எழுதினால் என் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். பொறியாளர் சார், உங்கள் அலுவலகத்தில் யாரும் எதையும் பிடுங்க மாட்டார்கள் போலிருக்கிறது.

தலைவர் ஐயா, மணியை அடிக்கிறீர்கள், கேட்கிறது. எனக்குக் கொடுத்த நேரம் முடிந்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

என்ன மாமா?

என் மாமனார் "நீ பேசு மாப்ள" என்கிறார். அப்படியானால் நான் பேசுகிறேன்.

தும்பி பார்க்காதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். தும்பி தண்ணீருக்குள்தான் வளர்கிறது. இறக்கை இல்லாமல், பழுப்பாக, சேற்று நிறத்தில், மீன்குஞ்சைக்கூடப் பிடித்துத் தின்றுகொண்டு மாதக்கணக்கில் அடியில் கிடக்கும். நேரம் வந்ததும் விடிவதற்கு முன்னால் கரைக்கு வந்து, ஒரு கோரையையோ வேரையோ பற்றிக்கொண்டு மேலே ஏறும். இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முதுகு வெடிக்கும். உள்ளிருந்து தும்பி வெளியே வரும். இறக்கை விரிந்து காயும்வரை அதனால் எங்கும் போக முடியாது. அந்த நேரத்தில் அதற்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு பிடி.

பறந்து போன பிறகு கழற்றிய தோல் அந்தக் கோரையிலேயே இருக்கும். அதை இவர்கள் சட்டை என்பார்கள். உள்ளே ஆள் இருக்காது. ஆனாலும் நகம் விடாது. காற்றடித்தாலும் மழை பெய்தாலும் அந்த வெறும் சட்டை பிடித்தபடியே நிற்கும். அப்போதெல்லாம் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இப்போது காலையில் கண்ணாடி முன்னால் நிற்கும்போது படுகிறது.

பறக்கிற தும்பியை எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம், எங்கிருந்தோ வந்திருக்கும். சட்டை இருந்தால்தான் அது இந்தத் தண்ணீரில் பிறந்தது என்று உறுதி. அதனால் அவள் படத்தைவிடச் சட்டையைத்தான் பெரிதாக நினைப்பாள். அத்தைக்குப் போன் போட்டு, "இன்னைக்கு ஏகப்பட்ட சட்டைம்மா, எல்லாம் புதுசு" என்று சொல்வாள். அத்தை ரொம்ப நாள் மகள் பகுதிநேரமாகத் துணி வியாபாரம் செய்கிறாள் என்றே நம்பிக்கொண்டிருந்தார். "அப்பாவுக்கு ஒண்ணு எடுத்து வையேன்டி" என்றுகூடக் கேட்டார்.

சிரியுங்கள் அத்தை. அவளுக்கு அது பிடிக்கும்.

போன வருடம் ஏரியின் ஒரு பக்கத்துக் கரையை வெட்டிச் சுவர் கட்டினார்கள். முதல் கட்டமாம். கோரையெல்லாம் போனது. சரிவாக, வழவழப்பாக, தண்ணீருக்குள் இறங்கும் சிமெண்ட் சுவர். மேலே நடைபாதை, விளக்கு, உட்கார பெஞ்சு. தண்ணீர் தொடும் இடத்தில் பாசி படிந்துவிட்டது. அவள் விடியற்காலையில் போய் அந்தச் சுவரடியைப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். நானும் கூட இருந்தேன். ஒரு தும்பிக் குஞ்சு தண்ணீரிலிருந்து ஏறப் பார்த்தது. வழுக்கியது. ஏறியது. வழுக்கியது. அவள் கேமராவைக் கீழே வைத்துவிட்டாள். ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கேமராவைக் கீழே வைத்ததை நான் கண்டது அன்றுதான்.

அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு ஏரி மேம்பாட்டு அலுவலகத்துக்குப் போனாள். அவள் ஆஸ்பத்திரியில் விடுப்புப் போட்டிருந்தாள், நானும் கூடப் போனேன். பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே போவதும் வருவதுமாக இருந்த எழுத்தர் படத்தை எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, கரப்பானா? அதுக்கு சுகாதாரத்துறையில போய்ச் சொல்லணும்" என்றார். இவள் பொறுமையாக விளக்கினாள். பிறகு பொறியாளர் அறைக்குள் போனோம். அங்கே நடந்த பேச்சு எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. பொறியாளர் சார், நான் தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்.

"ஏம்மா, பூச்சிக்குப் போய் படி கட்டச் சொல்றீங்களா?"

"படி வேணாம் சார். சுவர்ல சொரசொரப்பா ஒரு பட்டை, இல்லன்னா ஒரு கயிற்று வலை தொங்கவிட்டாப் போதும்."

"இவ்ளோ செலவு பண்ணி வழவழன்னு போட்டிருக்கோம். அதுல கயிறத் தொங்கவிட்டா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

"பாக்குறவங்க நினைக்கிறது இருக்கட்டும் சார். விழுறவங்க எதைப் பிடிப்பாங்க?"

நீங்கள் நாற்காலியில் சாய்ந்து சிரித்தீர்கள். "யாரும்மா விழப் போறா?" என்றீர்கள்.

சார், எங்கே எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள். கதவுப் பக்கம் கூட்டமாக இருக்கிறது, போகவும் முடியாது. நான் கத்தவில்லை, பாருங்கள். திட்டவும் இல்லை. நீங்கள் சொன்னதைத்தான் திரும்பச் சொன்னேன்.

விடுவாளா அவள்? அன்று மாலையே அப்பாவிடம் போனாள். என் மாமனார் லாரி ஓட்டுபவர். சரக்கின் மேல் போர்த்திக் கட்டும் கனமான கயிற்று வலை ஒன்று பழையதாகிக் கிடந்தது. "எதுக்கும்மா?" என்று கேட்டார். "தட்டான் ஏறுறதுக்கு." "ஏத்திக்கிட்டு ஓட்டுறதுக்கும் ஆள் வேணுமா?" என்று கேட்டுவிட்டு வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அப்பாவும் மகளும் நடைபாதைக் கம்பியில் நான்கு கொக்கி மாட்டி, அந்த வலையைச் சுவர் மேல் தண்ணீருக்குள் இறங்கும்படி தொங்கவிட்டார்கள். லாரிக்காரர் முடிச்சு. அவர் போட்டால் அவரே அவிழ்த்தால்தான் உண்டு.

வலையில் சட்டை வந்தது. முதல் வாரத்திலேயே வந்தது! சுவர் முழுக்க ஒன்றுகூட இல்லை, அந்த வலை இருந்த அகலத்துக்கு மட்டும் சட்டைகள். அவள் ஒவ்வொன்றையும் படம் எடுத்தாள். அன்று வீட்டுக்கு வந்து சேற்றுக் காலோடு சமையலறையில் ஆடினாள். "ஏறிடுச்சுப்பா! பிடி குடுத்தா ஏறுதுப்பா!"

அவள் படங்களை மறுபடியும் அலுவலகத்துக்கு அனுப்பினாள். பதில் இல்லை. மறுபடி அனுப்பினாள். இல்லை. அவள் சொன்னதை யாராவது சட்டை செய்தீர்களா? வெறும் பூச்சி கழற்றிப் போட்ட சட்டைக்கு அவள் கொடுத்த மதிப்பில் கொஞ்சத்தை அவளுக்கு நீங்கள் கொடுத்தீர்களா?

பிறகு திறப்பு விழா வந்தது. பெரிய ஆட்கள் நடைபாதையைப் பார்வையிட வந்தார்கள். அதற்கு முந்தின நாள் வலையை எடுத்துவிட்டார்கள். முடிச்சு அவிழவில்லை, கத்தியால் அறுத்திருக்கிறார்கள். எடுத்த தொழிலாளர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் ஒருவர் என்னைத் தேடி வந்து சொன்னார்: "மேல இருந்து சொன்னாங்க சார், 'அந்த அசிங்கத்த எடுங்க'ன்னு. எடுத்துட்டோம். அந்தக்கா தினமும் எங்களுக்கு வணக்கம் வச்சுட்டுப் போவாங்க சார்." அவர் அழுதார். நான் அவரைத் தேற்றி அனுப்பினேன். இதுவரைக்கும் என்னிடம் வந்து அழுத ஒரே ஆள் அவர்தான், நடந்ததற்குக் காரணமே இல்லாத ஆள்.

விழா முடிந்து இரண்டு நாள் கழித்து அவள் ஏரிக்குப் போனாள். நான் அன்று வேறு ஊரில் வேலையில் இருந்தேன். அவளுடைய கேமரா நடைபாதையில் முக்காலியின் மேல் நின்றது. காலையில் நடக்க வந்தவர்கள் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். அதில் கடைசிப் படத்தை நான் பார்த்தேன். தும்பி இல்லை. கம்பியில் நான்கு கொக்கி, ஒவ்வொன்றிலும் அறுபட்ட கயிற்றுத் துண்டு. கீழே வெறும் சுவர். மிகக் கூர்மையான படம்.

அதன் பிறகு சுவரடியில் எதையோ பார்க்கக் குனிந்து தண்ணீரில் விழுந்திருக்கிறாள். எதை என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

"நீச்சல் தெரியாதா?" என்று என்னிடம் பலர் கேட்டுவிட்டீர்கள். தெரியும். நன்றாகத் தெரியும். நீந்திச் சுவருக்குத்தான் வந்திருக்கிறாள். அந்தப் பாசியில் விரல் தடங்கள் இருந்தன. பத்து விரலும் மேலிருந்து கீழாக இழுத்த கோடுகள். ஒரு இடத்தில் இல்லை. சுவரை ஒட்டியே வரிசையாக, பக்கத்தில், அதற்குப் பக்கத்தில். ஏறியிருக்கிறாள், வழுக்கியிருக்கிறாள். நகர்ந்து வந்து மறுபடி ஏறியிருக்கிறாள். அந்தக் கோடுகள் கொக்கிகளை நோக்கி வந்திருந்தன. வலை அறுபட்டதைப் படம் பிடித்தவளே அவள்தான். ஆனாலும் அவள் அந்த இடத்துக்குத்தான் வந்திருக்கிறாள்.

வலை இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பார்க்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் வலை இருந்த வாரங்களில் கட்டைவிரல் அளவு பூச்சிகள் அந்தச் சுவரில் ஏறின. அவள் கைக்கு அதைவிடப் பலம் அதிகம். நாலு மாடி லிஃப்ட் வேலை செய்யாத நாளில் கேமராப் பையோடு என்னையும் இழுத்துக்கொண்டு ஏறியவள் அவள்.

இதுதான் நடந்தது. இதைத்தான் நீங்கள் "கவனம் தவறி" என்றீர்கள்.

இப்போது இந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். மேடையில் ஒரு அறிவிப்பு வந்தது. மீதிக் கரையிலும் இதே சுவரைக் கட்டி, அந்த நடைபாதைக்கு அவள் பெயரை வைக்கப் போகிறார்களாம். திங்கட்கிழமை மண் வெட்டும் இயந்திரம் வருகிறதாம். எவ்வளவு பெரிய மனசு! அந்த ஏரியில் கோரை மிச்சம் இருப்பது அந்தக் கரையில் மட்டும்தான். கடன்காரனின் குச்சி அங்கேதான் இருக்கிறது. அதை வெட்டி எறிந்துவிட்டு, தும்பியும் ஏற முடியாத, அவளும் ஏற முடியாத சுவரைக் கட்டி, அதன் மேல் அவள் பெயரை எழுதுவீர்களா? பேனரில் செத்த தும்பி, சுவரில் செத்தவள் பெயர். நன்றாகத்தான் பொருந்துகிறது!

தர மாட்டேன். அவள் பெயரைத் தர மாட்டேன். கணவன் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்று உள்ளே ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். போட மாட்டேன். அப்பா என்ற முறையில் மாமாவும் போட மாட்டார். அம்மா என்ற முறையில் அத்தை அந்தத் தாளை என்ன செய்வார் என்று சொல்வதற்கில்லை, அருகில் கொண்டுபோகாதீர்கள்.

குழுவின் தலைவர் ஐயா, உங்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு நிமிடம் மௌன அஞ்சலி என்று நீங்கள் அறிவிப்பீர்கள். வேண்டாம் ஐயா. அவள் அலுவலகத்துக்கு எழுதியதையெல்லாம் குழுவுக்கும் அனுப்பினாள். சேர்ந்து ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டாள். "அலுவலகத்தோட பகைச்சுக்கிட்டா அப்புறம் ஏரிக்குள்ள விட மாட்டாங்கம்மா" என்றீர்கள். உயிரோடு இருக்கும்போது அவளுக்கு நிறைய மௌனம் கொடுத்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் கூடுதலாக வேண்டாம்.

நீங்கள் தலை குனிய வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. தலை குனிந்தால் தும்பி தெரியாது.

நான் தும்பி நிபுணன் இல்லை. இனம் பிரிக்கத் தெரியாது. எது ஆண், எது பெண் என்பதில் இன்னமும் குழம்புவேன். எனக்குத் தெரிந்தது கயிறு, கொக்கி, பிடிமானம், சுமை. தெரிந்ததைச் செய்யப் போகிறேன். அவள் கேமராவையும் எடுத்துக்கொண்டு போவேன். என் படங்கள் மங்கலாகத்தான் வரும். நிழல் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்வேன். நாளைக் காலை வெளிச்சம் வருவதற்கு முன்னால் நானும் மாமாவும் அந்தச் சுவரில் இருப்போம். திங்கட்கிழமை அந்தக் கோரைக் கரையில், இயந்திரத்துக்கு முன்னால் இருப்போம். இதுதான் எங்கள் உறுதிமொழி. கைதட்ட வேண்டாம்.

இந்த மண்டபத்து வாசலில் ஒரு சாக்கு மூட்டை கிடக்கிறதே, பார்த்தீர்களா? எல்லோரும் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தீர்கள். ஒருவர் காலால் தள்ளப் பார்த்தார். மண்டபத்துக்காரர் என்னிடம் வந்து, "சார், இந்தக் குப்பைய யாரு கொண்டாந்து போட்டது? எடுத்துடவா?" என்று கேட்டார். நான்தான் போட்டேன். அது குப்பை இல்லை. அலுவலகத்துக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் கிடந்தது. நானும் மாமாவும் போய் எடுத்துவந்தோம். அதே வலை. பிரித்துப் பார்த்தோம். அறுத்து, சுருட்டி, வண்டியில் எறிந்து, மிதித்து, இவ்வளவுக்குப் பிறகும் அதில் சட்டைகள் இருக்கின்றன. கயிற்றை விடவில்லை. எத்தனை என்று நான் எண்ணவில்லை. எண்ணுவது அவள் வேலை.

அறுத்த இடங்களில் மாமா புதுக் கயிறு சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார். சேறும் ஈரமும் ஏறி முன்னைவிடக் கனமாக இருக்கிறது. இரண்டு பேரால் தூக்க முடியவில்லை. வரும்போது ஆட்டோக்காரர் ஒரு கை கொடுத்தார், அவர் போய்விட்டார்.

மாமா, எழுந்திருங்கள். நான் இறங்கி வருகிறேன்.

அவளுக்குத் தும்பி பிடிக்கும். உங்களுக்கு அவளைப் பிடிக்கும் என்று இவ்வளவு நேரம் ஒவ்வொருவராகச் சொன்னீர்கள். சரி. வாசலுக்கு வாருங்கள். ஆளுக்கு ஒரு முனை, பிடியுங்கள்.